லூபஸ் நோயும் ஈஸ்ட்ரோஜனும்: செலீனா பரிசோதனை உணர்த்துவது யாது?

எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயுற்று, மாதவிடாயும் நின்றவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை அளிப்பது பற்றி 2005இல் அமெரிக்காவில் வெளியான செலீனா பரிசோதனையை, ஈஸ்ட்ரோஜனைக் குற்றமற்றதென விடுவித்த தீர்ப்பாகவே பலர் கொண்டிருக்கின்றனர். அக்கருத்து சிகிச்சைத் துறையில் நிலவிய மிகையான அச்சத்தைத் தணித்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதே பரிசோதனையின் எண்களை நிதானமாக நோக்குமிடத்து, மாதவிடாய் நின்ற பின்னரும் நோய் எதிர்ப்புச் சக்தி ஹார்மோனின் ஆதிக்கத்திலிருந்து விடுபடுவதில்லை என்பதற்கு நம்மிடமுள்ள பிரமாணங்களுள் மிகத் தெளிவானது அதுவே என்று கருதுகிறேன்.

பரிசோதனைக்கு உட்பட்ட ஸ்திரீகள் 351 பேரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு நோய் அடங்கியிருந்தது. ஏனையோருக்கு அது ஏறாமலும் இறங்காமலும் ஒரே நிலையில் இருந்தது. ஒரு சாராருக்கு நாள்தோறும் 0.625 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜனும், மாதத்தில் 12 நாட்கள் 5 மில்லிகிராம் மெட்ராக்ஸிபுரொஜெஸ்டெரோன் என்னும் புரொஜெஸ்டினும், மற்றச் சாராருக்குப் போலி மாத்திரையும் ஓராண்டுக் காலம் தரப்பட்டன. கடுமையான நோய்க் கிளர்ச்சி முதற் சாராரில் நூற்றுக்கு எட்டு என்றும், மறு சாராரில் ஐந்து என்றும் கணிக்கப்பட்டது; இவ்வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியதே. முன்னைய அறிஞர்கள் நின்றுவிட்ட இடம் இதுதான். ஆனால் லேசானவையும் நடுத்தரமானவையுமான கிளர்ச்சிகள் ஆளொன்றுக்கு ஆண்டில் ஹார்மோன் உண்டோரிடம் 1.14 ஆகவும், போலி மாத்திரை உண்டோரிடம் 0.86 ஆகவும் இருந்தன. ஏதேனும் ஒரு கிளர்ச்சி ஓராண்டுக்குள் தோன்றும் சாத்தியம் நூற்றுக்கு 64க்கு எதிராக 51. இவற்றைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது.

மாதவிடாய் நின்ற பின் லூபஸ் தணிகிறது என்ற பழைய அவதானிப்புகளில் வயது, நோயின் நீட்சி, சூலகத்தையே சிதைக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்து ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் ஹார்மோனின் பங்கு இவ்வளவு என்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. செலீனாவிலோ சிகிச்சை குலுக்கல் முறையில் பகிர்ந்தளிக்கப்பட்டதால், வயதும் முன்னைய மருந்துகளும் இரு சாராருக்கும் ஏறக்குறைய பொதுவாகிவிடுகின்றன. பி அணுக்களில் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புரதங்கள் உண்டு என்பதையும், அழிந்தொழிய வேண்டிய தன்னெதிர் பி அணுக்களை எலிகளில் ஈஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜன் பிழைக்க விடுகிறது என்பதையும் உடன் வைத்துப் பார்த்தால், லேசான கிளர்ச்சிகளின் மிகுதி அற்பமான செய்தியன்று. நோயாளியின் அனுபவத்திலும் அது அற்பமன்று: மூட்டு வலியும் தோல் தடிப்பும் திரும்பி, ஸ்டீராய்டின் அளவை உயர்த்த நேரிடுவது சிறு துன்பமா?

மாதவிடாய் நின்றபின் எழும் உடல் அனல் தணிந்ததைக் கொண்டே தாம் உண்பது எம்மருந்து என்பதை நோயாளிகள் ஊகித்திருக்கலாம் என்று சிலர் ஆட்சேபிப்பர். ஆனால் நலம் பெற்றதாக உணர்பவர் குறைகளை மிகுத்துரைப்பார் என்று கொள்ள நியாயமில்லை. 2007இல் மெக்சிக்கோவிலிருந்து வந்த ஆய்வு இரண்டாண்டுகளில் வித்தியாசம் எதையும் காணவில்லை என்பதும் உண்மை. ஆயினும் அதில் பங்கேற்றோர் 106 பேரே. இத்தகைய சிறு ஏற்றத்தைக் கண்டறிய அத்தொகை போதாது.

இதனால் ஈஸ்ட்ரோஜன் இல்லாமையே எதிர்ப்புச் சக்திக்கு அமைதி என்று நான் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. சூலகம் ஓய்ந்தபின் இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் உயரும் போக்கும் பதிவாகியுள்ளது. என் வாதத்துக்கு உண்மையான எல்லை வேறொன்று. செலீனாவில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்த்தே, வாய்வழியாகவே அளிக்கப்பட்டன. ஆகவே கிளர்ச்சியைத் தூண்டியது முன்னதா, பின்னதா, இரண்டின் சேர்க்கையா என்பதையோ, கல்லீரலை முதலில் கடவாமல் தோல் வழியே செல்லும் ஈஸ்ட்ரோஜனும் அவ்வாறே செய்யுமா என்பதையோ அதன் எண்களிலிருந்து அனுமானிக்க வழியில்லை.