கொள்ளைநோயும் மக்கள் மனமும்



முப்பத்துமூன்று ஆண்டுகள் வகுப்பறையில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தொழிலுக்கென ஒரு குறை உண்டு. யாரேனும் கேள்வி கேட்டால் உடனே விடை சொல்லிவிட வேண்டும் என்ற அவசரமே அது. 2021-ஆம் ஆண்டில், கொரோனா நோய் உலகெங்கும் பரவியிருந்த வேளையில், கல்லூரியில் பயிலும் என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான்: "ஐயா, நோய் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு நாட்டில் அரசாங்கம் ஒரு வார்த்தை சொன்னதும் மக்கள் முகக்கவசம் அணிகிறார்கள். இன்னொரு நாட்டில் அதே துணித் துண்டை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போராடுகிறார்கள். இதற்குக் காரணம் என்ன?"

நான் சற்றும் யோசியாமல், "அது அவரவர் பண்பாடு, தம்பி. சிலர் சொன்னால் கேட்பார்கள். நம்மவர் அடித்தால்தான் கேட்பார்கள். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்று பழமொழியே இருக்கிறதே" என்று சொல்லிவிட்டேன். அவன் தலையசைத்துவிட்டுப் போனான். போன பிறகுதான் எனக்கு ஐயம் பிறந்தது. நான் சொன்னதைச் சரித்திரம் ஒப்புகிறதா? அந்த ஐயத்தின் பயனாக நான் கற்றதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அடி உதவுமா என்பதை முதலில் பார்ப்போம். 1896-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாய் நகரில் பிளேக் நோய் தோன்றியது. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் நீண்ட ஆயுள் உடையது. 2020-லும் அதுவே நம் நாட்டில் எடுத்தாளப்பட்டது. நோய் புனா நகருக்குப் பரவியபோது, வால்டர் சார்லஸ் ராண்ட் என்னும் அதிகாரியின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. வீடு வீடாகச் சோதனையிட வெள்ளைச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டனர். அந்நியர் அடி வைக்காத அடுக்களையிலும் பூசையறையிலும் அவர்கள் நுழைந்தனர். நோயாளிகள் மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் தனி முகாம்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். வீட்டுப் பொருள்கள் தெருவில் கொளுத்தப்பட்டன.

நோயாளியைப் பிரித்து வைப்பது மருத்துவத்திற்கு உடன்பட்டதே. ஆயினும் விளைவு என்ன? மக்கள் நோயாளிகளை மறைத்தனர், இறந்தவர்களையும் மறைத்தனர். ஊரை விட்டு ஓடினவர்களோடு நோயும் உடன் சென்றது. 1897 ஜூன் 22-ஆம் நாள் இரவு, விக்டோரியா அரசியாரின் வைர விழாக் கொண்டாட்டத்திலிருந்து திரும்பிய ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டனர். உடன் வந்த அயர்ஸ்ட் என்னும் படை அதிகாரியும் சுடப்பட்டு மாண்டார்; ராண்ட் சில நாட்களில் இறந்தார். இக்கொலையை நான் புகழ வரவில்லை. மருந்து கொண்டுவந்தவனைப் பகைவனாக மக்கள் காணும் நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதையே எண்ணிப்பாருங்கள். பின்னர் அரசாங்கம் படிப்படியாகக் கட்டாயத்தைத் தளர்த்திற்று.

"அப்படியானால் கீழைநாட்டாரின் பழைய வழக்கங்களே தடை" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு விடை சொல்ல மஞ்சூரியாவுக்குச் செல்ல வேண்டும். 1910-ஆம் ஆண்டின் இறுதியில், உறைபனி மூடிய அந்நாட்டின் ஹார்பின் நகரில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் பரவியது. நோய்வாய்ப்பட்டோரில் பிழைத்தவர் அரிது. சீன அரசு அனுப்பிய மருத்துவர் வூ லியன் தே என்பவர். நம் தமிழர் பலர் குடியேறிய பினாங்குத் தீவில் 1879-ல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர், அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்றே.

நோய் மூச்சின் வழியே பரவுகிறது என்று கண்ட அவர், வலைத்துணியும் பஞ்சும் கொண்டு முகக்கவசம் செய்து அணியச் செய்தார். அவ்விடம் வந்த மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், அவர் கருத்தை ஏற்கவில்லை. முகக்கவசமின்றியே நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில் அந்நோய்க்கே இரையானார். மாணவர்களே, கற்றவர்க்கும் மனப்பாங்கு உண்டு. கல்வியின் செருக்கும் ஒரு வழக்கமே.

இதனினும் கடினமான சோதனை ஒன்று இருந்தது. நிலம் பாறைபோல் உறைந்து கிடந்ததால் குழி தோண்ட இயலவில்லை. ஈராயிரத்திற்கும் மேற்பட்ட பிரேதங்கள் இடுகாட்டில் குவிந்து கிடந்தன. எரிப்பதே வழி. ஆனால் முன்னோரை மண்ணில் அடக்கி வழிபடும் சீனருக்குப் பிணத்தை எரிப்பது பெரும் பாவம். வூ லியன் தே இரவோடிரவாகத் தீ மூட்டிவிடவில்லை. நிலைமையை விளக்கிப் பேரரசின் அனுமதியை வேண்டினார். அது வரும்வரை காத்திருந்தார். 1911 ஜனவரி 31-ஆம் நாள் பிரேதங்கள் எரியூட்டப்பட்டன. அது சீனப் புத்தாண்டுக் காலம். புத்தாண்டில் வாசலில் வெடிக்கும் பட்டாசை அவர் தடுக்கவில்லை. வீட்டிற்குள்ளே வெடிக்கும்படி கேட்டுக்கொண்டார். கந்தகப் புகை வீட்டைத் தூய்மை செய்யும் என்பது அவர் எண்ணம். பழைய வழக்கமே மருத்துவத்திற்குத் துணையாயிற்று.

அங்கும் கட்டாயம் இருந்தது. நகரம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. படைவீரர் காவல் நின்றனர். ஆனால் கட்டாயத்திற்கு முன்னே விளக்கம் சென்றது. மஞ்சூரியாவில் ஏறக்குறைய 60,000 பேரை விழுங்கிய அந்நோய், 1911-ஆம் ஆண்டு வசந்தத்திற்குள் அடங்கியது.

இனி, 1918-ல் உலகைச் சூழ்ந்த இன்ஃபுளூயன்சாக் காய்ச்சலுக்கு வருவோம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் அவ்வாண்டு அக்டோபரில் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. முகக்கவசம் அணிவது நாட்டுப்பற்றின் அடையாளம் என்று எடுத்துரைக்கப்பட்டது. மக்களிற் பெரும்பாலோர் அணிந்தனர். நவம்பர் 11-ல் போர் நின்றது. நவம்பர் 21-ஆம் நாள் நண்பகலில், சங்கு ஒலித்ததும் முகக்கவசங்களைக் கழற்றித் தெருவில் எறிந்து ஆரவாரித்தனர். நோய் மீண்டும் தலைதூக்கவே, 1919 ஜனவரியில் அதே ஆணை திரும்பவும் வந்தது. இம்முறை எதிர்ப்புச் சங்கமே தோன்றி, ஆயிரக்கணக்கானோர் கூடிக் கூட்டம் நடத்தினர். பிப்ரவரி முதல் நாளில் ஆணை நீக்கப்பட்டது. அந்த மெல்லிய துணி எவ்வளவு பயன் தந்தது என்பது வேறு கேள்வி. இங்கே நாம் காணவேண்டியது ஒன்று: அதே நகரம், அதே மக்கள், மூன்று மாதங்களில் பண்பாடு மாறிவிடுமா? மாறியது பண்பாடன்று, அந்தத் துணிக்கு மக்கள் கொடுத்த பொருள்.

இதே காய்ச்சல் பசிபிக் கடலில் ஒரு கொடிய பாடத்தை எழுதிச் சென்றது. சமோவாத் தீவுகளில் ஒரே மொழியும் ஒரே குலமரபும் உடைய மக்கள் வாழ்ந்தனர். மேற்குத் தீவுகளை நியூசிலாந்தும், கிழக்குத் தீவுகளை அமெரிக்காவும் ஆண்டன. 1918 நவம்பர் 7-ஆம் நாள் ஆக்லாந்திலிருந்து 'தலூனே' என்னும் கப்பல் மேற்குச் சமோவாவின் ஆப்பியாத் துறைமுகத்தை அடைந்தது. நோயுற்ற பயணிகள் தடையின்றிக் கரையிறங்கினர். ஏறக்குறைய 8,500 பேர் மாண்டனர். மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! கிழக்கே ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். தீவு மக்களே கடற்கரையில் காவல் நின்றனர். அங்கே அந்நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. பண்பாடு ஒன்றே, விதி இரண்டாயிற்று. மேற்குத் தீவில் நிகழ்ந்ததற்காக நியூசிலாந்தின் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002-ல் மன்னிப்புக் கோரினார்.

நம் காலத்திற்கு வருவோம். 2020-ல் ஜப்பான் அவசரநிலை அறிவித்தபோது, மக்கள் வெளியே வந்தால் தண்டிக்க அந்நாட்டில் சட்டமில்லை. அரசு வேண்டிக்கொண்டது, பெரும்பாலோர் இணங்கினர். 1918-ஆம் ஆண்டுக் காய்ச்சலின்போது பரவிய முகக்கவசப் பழக்கம் அவர்களுக்குப் புதியதன்று. இங்கே பண்பாடு துணை செய்தது என்பதை ஒப்புகிறேன். ஆனால் அதற்கும் மறுபக்கம் உண்டு. திறந்திருந்த கடைகளின் கதவில் மிரட்டல் சீட்டு ஒட்டியவர்களும் அங்கே இருந்தனர். ஐரோப்பாவில் ஸ்வீடனும் நார்வேயும் அண்டை நாடுகள், பழக்கவழக்கங்களில் நெருங்கியவை, அரசை நம்பும் மக்களைக் கொண்டவை. நார்வே பள்ளிகளை மூடியது. ஸ்வீடன் சிறுவர் பள்ளிகளைத் திறந்தே வைத்து, பெரும்பாலும் அறிவுரைகளால் நடத்தியது. அவ்வாண்டில் நோயால் இறந்தோர் விகிதம் ஸ்வீடனில் நார்வேயைவிடப் பல மடங்கு அதிகம். நம்பிக்கை இருந்தால் மட்டும் போதாது. அதைத் தக்க வேளையில் தக்க செயலுக்குப் பயன்படுத்த வேண்டும்.

இத்தனையும் படித்த பிறகு, என் வீட்டில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. 2020 ஜூன் மாதத்தில், வேறு மாவட்டத்தில் வாழ்ந்த என் அண்ணன் காலமானார். என்னைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுசென்றவர். இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. அனுமதிச் சீட்டுக்கு வழி தேடிக்கொண்டே நான் வேட்டி மாற்றிப் புறப்பட ஆயத்தமானேன். சீட்டு இல்லையேல் குறுக்குப் பாதையில் செல்வதென்றும் எண்ணினேன். விதிகளைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த தலைமையாசிரியன்தான்!

அப்போது அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான். சட்டத்தைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சித்தப்பா, உங்களுக்கும் வயதாகிவிட்டது. அப்பா இருந்தால் தம்பி வரவேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். நீங்கள் அங்கிருந்தே கும்பிடுங்கள். உங்கள் பேரைச் சொல்லி நானே வாய்க்கரிசி போடுகிறேன்" என்றான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காவலர் தடுத்திருந்தால் வழக்காடியிருப்பேன். அவன் சொல்லுக்கு அடங்கினேன். என்னை அன்று காத்தது அடியா, அண்ணன் தம்பி உறவா? மறு ஆண்டே அந்த மாணவனிடம் பழமொழி சொன்ன நான், இதை எண்ணிப்பார்க்கவில்லை.

மாணவர்களே, பண்பாடு என்பது நிலம் போன்றது. களிமண்ணும் உண்டு, மணலும் உண்டு. ஆனால் நிலத்தின் மேல் பழி போட்டு விளைச்சலைக் கைவிடுபவன் உழவன் ஆகான். நாளை உங்களில் ஒருவர் மருத்துவராகலாம், ஆட்சியராகலாம், ஊராட்சித் தலைவராகலாம். மீண்டும் ஒரு கொள்ளைநோய் வரக்கூடும். அப்போது "இம்மக்கள் இப்படித்தான்" என்று சொல்லும் முன்னர், அவர்கள் எதைப் புனிதமெனக் காக்கிறார்கள் என்று கேளுங்கள். அதைக் காத்துக்கொண்டே உயிரையும் காக்கும் வழி உண்டா என்று தேடுங்கள். வழியில்லையெனில் காரணத்தைச் சொல்லி இசைவு கேளுங்கள். ஆணை அதன் பின்னர் வரட்டும்.

அந்த மாணவனை அண்மையில் சந்தித்தேன். "அன்று நான் சொன்ன விடை தவறு, தம்பி" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "எனக்கும் அப்போதே ஐயம்தான் ஐயா, தாங்கள் சொன்னதால் மறுத்துப் பேசவில்லை" என்றான். இதுவும் நம் பண்பாடுதான். ஆனால் ஆசிரியர் சொன்னாலும் ஐயம் எழுந்தால் கேட்டுவிடுங்கள் என்பதே உங்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள்.