ஆப்பிள் மரமும் சொறிநோயும்

குளிர்நாடுகளில் ஆப்பிள் பயிரிடுவோர் பெரிதும் அஞ்சுவது இளவேனில் மழைக்கே. முந்தைய ஆண்டு உதிர்ந்த சருகுகளில் பனிக்காலத்தைக் கழித்த பூசணம் ஒன்று, மரம் தளிர்விடும் பருவத்தில் தன் வித்துகளைக் காற்றில் எறிகிறது. இலை ஈரமாயிருந்து, வெப்பமும் மிதமாயிருப்பின், ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் நோய் பற்றிவிடும். இலையிலும் காயிலும் கரும்புள்ளி தோன்றும். பின்னர்க் காயின் தோல் வெடிக்கும். இதுவே சொறிநோய். இதற்குக் காரணமான பூசணத்தை அறிவியலார் வெஞ்சூரியா இனேக்குவாலிசு என்பர்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்தோ கலவையைப் பிரெஞ்சு அறிஞர் மில்லார்தே 1885-இல் அறிவித்தார். திராட்சைக்காகப் பிறந்த அம்மருந்து ஆப்பிள் தோட்டத்திலும் புகுந்தது. பின்னர்ச் செயற்கை மருந்துகள் பல வந்தன. இயற்கை வேளாண்மையை மேற்கொண்டோர் அவற்றை விலக்கினர். எஞ்சியவை கந்தகமும் செம்பும். செம்போ மண்ணில் தங்கிவிடும் தன்மையது. ஆகவே, நோயை எதிர்க்கும் மர வகையைத் தேர்வதே அவர்களுக்குச் சிறந்த காவலாயிற்று.

அத்தகைய வகை பிறந்த வரலாறு வியப்புக்குரியது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் 1914-இல் கிராண்டல் என்பார், ‘ரோம் பியூட்டி’ ஆப்பிளை ‘புளோரிபண்டா 821’ என்னும் காட்டு மரத்தோடு கலந்தார். அம்மரத்தின் காய் சுண்டைக்காய் அளவே. 1926-இல் அக்கலப்பின் கன்றுகள் இரண்டை மீண்டும் இணைத்தனர். அவ்வழியில் வந்த மரங்களுட் சில சொறியின்றி நிற்பதை 1943-இல் ஹாஃப் என்னும் அறிஞர் கண்டார். அவரும் பர்டியூ பல்கலைக் கழகத்து ஷேயும் 1945-இல் கூட்டாகப் பணி தொடங்கினர். ரட்கர்சு பல்கலைக் கழகமும் பின்னர்ச் சேர்ந்தது. இளங்கன்றுகள் மீது பூசண வித்துகளைத் தெளித்து, நோயுற்றவற்றைக் களைந்தனர். தேறியவற்றை நல்ல ஆப்பிள்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்தனர். 1970-இல் ‘பிரைமா’ வெளிவந்தது. அதன் பெயரின் முதலில் அம்மூன்று பல்கலைக் கழகங்களின் முதலெழுத்துகளும் பொதிந்துள்ளன.

பதினான்கே ஆண்டுகள்! 1984-இல் ஜெர்மனியின் ஆரன்ஸ்பர்க்கில் இவ்வெதிர்ப்புடைய மரங்களிலும் சொறி தோன்றியது. பூசணத்தின் புதிய இனம் அது என 1993-இல் பிரெஞ்சு ஆய்வாளர் எடுத்துரைத்தனர். ஆனால், மூலமான காட்டு மரத்தை அவ்வினம் பற்றவில்லை! அம்மரத்தினிடம் பூட்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தன. கலப்பின் வழியே ஆப்பிளுக்கு வந்து சேர்ந்ததோ ஒன்றே. புள்ளியற்ற கன்றையே தேர்ந்த சோதனை, அதன் காவல் எத்தனை மரபணுக்களைச் சார்ந்தது என்பதைக் காட்டவில்லை. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட மற்றோர் இனம் அக்காட்டு மரத்தையும் வென்றது.

எதிர்ப்பது வேறு, தாங்குவது வேறு. உருசியாவின் பழைய ‘அந்தோனவ்கா’ வழியில், மரபணுக்கள் பல சிறிது சிறிதாகத் துணைசெய்யும் எதிர்ப்பு காணப்படுகிறது. அத்தகைய மரத்தில் சில புள்ளிகள் விழலாம். ஆயினும் விளைச்சல் அழிவதில்லை. கண்ணுக்கு எடுப்பாகத் தோன்றாத இம்மரங்களைச் சோதனைச்சாலை எளிதில் தள்ளிவிடும். தோட்டக்காரனுக்கோ இவையே நெடுங்காலத் துணை.

செக் நாட்டில் பிறந்த ‘டோபாஸ்’ வேறொரு செய்தியைக் கூறுகிறது. சொறியை எதிர்ப்பதென்று நடு ஐரோப்பாவின் இயற்கைத் தோட்டங்களில் அதனை மிகுதியாக நட்டனர். பின்னர் அதன் காவலையும் சொறி பல இடங்களில் உடைத்தது. அடிமரம் அழுகும் நோய்க்கும் அது எளிதில் ஆட்பட்டதால், வேறு வகையின் தண்டை இடையே வைத்து ஒட்டுக் கட்ட நேர்ந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்சோனினா என்னும் இலைநோய் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் தோன்றியது. மருந்து குறைவாகத் தெளித்த தோட்டங்களையே அது முதலில் தாக்கியது. சொறிக்கு மட்டும் மதிப்பெண் இட்டோர் இவற்றை எண்ணவில்லை.

2009-இல் ‘வின்குவெஸ்ட்’ என்னும் கூட்டு முயற்சி தொடங்கிற்று. பல நாடுகளின் தோட்டங்களில், வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்களைத் தாங்கிய மரங்களை வரிசையாக நட்டு, பூசண மருந்து தெளிக்காமல் விடுகின்றனர். எந்த மரத்தில் சொறி விழுந்தது என்று ஆண்டுதோறும் குறித்து, அவ்விடத்தில் எந்தப் பூட்டு உடைந்தது என்பதை அறிகின்றனர்.