வேண்டாம் என்றவரின் பெயர்

மான்ஸ்ஃபெல்டில் செம்பு உருக்கிப் பிழைத்த ஹான்ஸின் குடும்பப் பெயர் லூடர். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு, வேட்டை விலங்குக்குப் போடும் அழுகல் இறைச்சி என்றொரு பொருளும் உண்டு. பெரிய படிப்புப் படித்த மகன் மார்ட்டினுக்கு அது உறுத்தியிருந்தால் வியப்பில்லை. 1517 அக்டோபர் 31 அன்று மைன்ஸ் பேராயருக்கு எழுதிய கடிதத்தில் 'லூத்தர்' என்று கையெழுத்திட்டார். அடுத்து வந்த மாதங்களில் நண்பர்களுக்கு எழுதும்போது 'எலூத்தேரியுஸ்' என்றும் போட்டுக்கொண்டார். கிரேக்கத்தில் 'விடுதலை பெற்றவன்'. அந்த ஆடம்பரம் நீடிக்கவில்லை. நடுவிலிருந்த 'த்' ஒலி மட்டும் தங்கிவிட்டது.

அப்படித் திருத்திய பெயரைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அவருடைய சபைச் சீர்திருத்தத்தின் எதிரிகள். சபை கண்டித்த ஆரியுஸைப் பின்பற்றியவர்கள் ஆரியர், ஹுஸ்ஸைப் பின்பற்றியவர்கள் ஹுஸ்ஸியர்: இது ஒரு மனிதனின் சரக்கு, கிறிஸ்துவின் போதனை அல்ல என்று முத்திரை குத்தும் பழைய உத்தி. 1521இல் போப் பத்தாம் லியோ அவரைச் சபையிலிருந்து விலக்கிய ஆணையிலேயே 'லூத்தரன்' ஏறிவிட்டது.

லூத்தர் கொதித்தார். 1522இல், என் பெயரை விடுங்கள், கிறிஸ்தவர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். 'நான் பவுலைச் சேர்ந்தவன்' என்ற கொரிந்தியரைப் பவுலே கண்டித்ததை நினைவூட்டினார். ஆனால் அதே ஆண்டு இன்னொரு நூலில், என் போதனை சுவிசேஷம்தான் என்று நம்பினால் என்னை அடியோடு கைவிடவும் வேண்டாம் என்றார். பின்னால் வந்தவர்களுக்கு இந்தச் சிறு இடைவெளி போதுமானதாக இருந்தது.

சட்டம் வெகுநாள் தயங்கியது. 1555ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை லூத்தரைப் பின்பற்றியவர்களை 'ஆக்ஸ்பர்க் அறிக்கையை ஏற்றவர்கள்' என்றே சுற்றிவளைத்தது. இன்னொரு சீர்திருத்தப் பிரிவான கால்வினியரிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்டும் தேவை வந்தபோது வசைச்சொல் கௌரவமாயிற்று. எந்த அளவுக்கு என்றால், 1817இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியம் இரு சபைகளையும் ஒன்றாக்கி 'சுவிசேஷ' என்ற பொதுப்பெயரைச் சூட்டியதும், ஏற்க மறுத்தவர்கள் 'பழைய லூத்தரன்கள்' ஆனார்கள். அவர்களில் பலர் தென் ஆஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் கப்பலேறினார்கள். மன்னர் சூட்டிய சொல்லை விட்டு, லூத்தர் மறுத்த சொல்லோடு!

தரங்கம்பாடிக்கு 1706இல் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கியபோது அவருடன் வந்ததும் லூத்தரன் சபைதான். 1919இல் அந்தப் பரம்பரை தனித் திருச்சபையானபோது, சண்டையே வேண்டாமென்பதுபோல இரண்டு பெயர்களையும் சேர்த்துவைத்தார்கள்: தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை.