கிடங்கைக் கட்டிவிட்டுக் கேள்வியா?

ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். சேமிப்புக் கணக்குகளுக்கு ஒரு கணிப்பொறி அமைப்பு, கடன்களுக்கு வேறொன்று. ஒன்றில் 'கே. ராமசாமி', மற்றதில் 'ராமசாமி கே.' கடன் வாங்கியவர்களில் எத்தனை பேருக்குச் சேமிப்புக் கணக்கும் உண்டு என்று மேலாளர் கேட்டால், இரண்டில் எதுவும் தனியாக விடை சொல்லாது. இரண்டிலிருந்தும் விவரங்களை எடுத்து, பேதங்களைத் தீர்த்து, பல ஆண்டு வரலாற்றோடு ஓரிடத்தில் சேர்த்து வைப்பதே தரவுக் கிடங்கு. ஐ.பி.எம். நிறுவனத்தின் பாரி டெவ்லினும் பால் மர்ஃபியும் 1988-ல் எழுதிய கட்டுரை இந்தக் கருத்துக்கு ஓர் உருவம் தந்தது.

சரி, கிடங்கை எப்படிக் கட்டுவது? பெரிய மென்பொருள் வேலைகளில் அப்போது 'அருவி முறை' கோலோச்சியது. தேவைகளை எல்லாம் முதலில் எழுதி முடிக்க வேண்டும். பிறகு வடிவமைப்பு, அதன்பின் புரோகிராம், கடைசியில் சோதனை. அருவி நீர் மேலே ஏறாது அல்லவா? இம்முறைக்கு மூலமென்று 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையைக் காட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், படிப்படியாக இறங்கும் அந்தப் படத்தை வரைந்த ராய்ஸே, இப்படி மட்டும் செய்தால் ஆபத்து என்றும் எழுதியிருந்தார்! முதலில் ஒரு மாதிரி செய்து பார்த்துவிட்டு, இரண்டாவதாகச் செய்வதைக் கொடுங்கள் என்பது அவர் யோசனை. படத்தைப் பார்த்தவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை போலும்.

தரவுக் கிடங்கின் தந்தை எனப்படும் பில் இன்மன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1990-களில் பல பதிப்புகள் கண்ட தமது நூலில், கிடங்கு வேலையில் அருவியின் வரிசையே தலைகீழாகிறது என்றார். முதலில் தரவு, பிறகு அதை ஒருங்கிணைத்தல், சோதித்தல், தேவை புரிவது கடைசியில்தான். மேலாளர் முதல் அறிக்கையைப் பார்த்த பிறகே, தாம் கேட்க நினைத்தது வேறு என்று உணர்கிறார். ஆனாலும் பல நிறுவனங்கள் முழுக் கிடங்கையும் ஒரேயடியாகக் கட்டவே முயன்றன. கட்டி முடிப்பதற்குள் கேள்விகள் மாறிப்போயின.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். 'அஜைல்' என்ற பெயர் பரவியது அதிலிருந்துதான். சில வாரங்களுக்கு ஒருமுறை இயங்கும் பகுதி ஒன்றைக் காட்டு. பார்த்தவர் சொல்வதைக் கேட்டு அடுத்ததைச் செய் என்பது இதன் சாரம்.

கிடங்குக்காரர்கள் இதை உடனே ஏற்கவில்லை. அவர்கள் தயக்கத்தில் நியாயம் இருந்தது. இரண்டு வாரமும் பெயர் பேதங்களைத் தீர்ப்பதிலேயே கழிந்தால் திரையில் காட்ட என்ன இருக்கும்? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. புரோகிராமைத் திருத்தினால் பழையதை எறிந்துவிடலாம். கிடங்கின் அமைப்பைத் திருத்தினால், உள்ளே கிடக்கும் பத்தாண்டு விவரங்களையும் இடம் மாற்ற வேண்டுமே!

முதல் தடைக்கு வழி, குறுக்காக அடுக்காமல் நெடுக்காக வெட்டுவது. எல்லா விவரங்களையும் சுத்தம் செய்துவிட்டு அறிக்கைக்கு வராமல், ஒரே ஒரு அறிக்கைக்கு வேண்டியதை மட்டும் மூலத்திலிருந்து திரை வரை கொண்டுவந்துவிடுவது.

இரண்டாவது தடைக்கு, இடிக்காமல் சேர்க்கும் அமைப்புகள் உதவின. டான் லின்ஸ்டெட் 2000-த்தில் வெளியிட்ட 'டேட்டா வால்ட்' அப்படிப்பட்டது. கணக்கு எண் போன்ற மாறாத அடையாளங்கள் ஓர் அட்டவணையில். அவற்றின் உறவுகள் இன்னொன்றில். முகவரி போன்று மாறும் விவரங்கள் தனித்தனி அட்டவணைகளில். புதிய விவரம் வந்தால் பக்கத்தில் ஓர் அட்டவணை சேர்த்தால் போதும். பழைய சுவரைத் தொட வேண்டாம். ஸ்காட் ஆம்ப்ளரும் பிரமோத் சதலகேயும் 2006-ல் எழுதிய நூல் வேறொரு வழி சொன்னது: பழைய அமைப்பும் புதியதும் குறிப்பிட்ட காலம் சேர்ந்தே இயங்கட்டும், எல்லோரும் மாறிய பின் பழையதை நீக்கலாம்.

சேமிப்புச் செலவு குறைந்த பின் வேலை இன்னும் எளிதாயிற்று. மூல விவரங்களை வந்தபடியே கொட்டி வைத்துவிட்டு, அமைப்பு பிசகினால் அதிலிருந்து மறுபடி கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் 'வாடிக்கையாளர்' என்றால் யார் என்பதில் கடன் பிரிவும் சேமிப்புப் பிரிவும் உடன்பட எத்தனை நாளாகும் என்பது மட்டும் இரண்டு வாரக் கணக்கில் இன்னும் அடங்கவில்லை.