வாங்காத கடனுக்கான வசூல் தொல்லை (இந்தியா)

வாங்காத கடனுக்கான வசூல் தொல்லை என்பது, ஒருவர் பெறாத கடனுக்காகவோ, பெற்று முழுமையாகத் தீர்த்துவிட்ட கடனுக்காகவோ, சட்டப்படி தம்மைச் சாராத பிறர் கடனுக்காகவோ அவரை மீண்டும் மீண்டும் தொடர்பு கொண்டு பணம் கேட்பதையும் மிரட்டுவதையும் குறிக்கும். வங்கிகள், நிதி நிறுவனங்கள், அவற்றின் வசூல் முகவர்கள் ஆகியோரிடமிருந்தும், எந்தக் கடனும் வழங்காத மோசடிக் கும்பல்களிடமிருந்தும் இத்தொல்லை வரக்கூடும். இக்கட்டுரை இந்தியாவில் உள்ள சட்ட நிலையையும், இத்தொல்லைக்கு உள்ளாவோர் மேற்கொள்ளக்கூடிய நடவடிக்கைகளையும் விளக்குகிறது.

கடன் உண்டு என்று கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை ஆகும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இக்கொள்கை, அதற்கு மாற்றாக 2024 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 104ஆம் பிரிவிலும் தொடர்கிறது. ஆயினும் தொலைபேசியில் மறுப்பது மட்டும் நடைமுறையில் பயன் தருவதில்லை. எழுத்து மூலம் மறுத்து, எழுத்து மூலம் ஆதாரம் கேட்பதே பிற்பாடு எடுக்கும் எல்லா நடவடிக்கைகளுக்கும் அடித்தளமாக அமைகிறது.

தோன்றும் வழிகள்

- அடையாளத் திருட்டு: ஒருவரின் நிரந்தரக் கணக்கு எண் (பான்), ஆதார் அட்டை ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு வேறொருவர் கடன் பெறுதல்.
- ஆள் மாறாட்டம்: ஒரே பெயர் உடைய வேறொருவரின் கடன் தவறாக இணைக்கப்படுதல். முன்பு கடனாளி பயன்படுத்திய கைபேசி எண் புதியவருக்கு ஒதுக்கப்படுவதும் இவ்வகையைச் சேரும்.
- முடிக்கப்படாத கணக்கு: கடன் அடைக்கப்பட்ட பின்னரும் நிறுவனத்தின் பதிவேட்டில் கணக்கு மூடப்படாமல் இருத்தல். கடன் அட்டையை ஒப்படைத்த பிறகு ஆண்டுக் கட்டணம் சேர்ந்து கொண்டே போவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.
- தொடர்புக்குரியவர்: கடன் விண்ணப்பத்தில் ‘ரெஃபரன்ஸ்’ என நண்பரோ உறவினரோ உடன் பணிபுரிபவரோ குறிப்பிடப்பட்டிருத்தல்.
- உறவினர் கடன்: பெற்றோர், மகன், மனைவி, கணவன் ஆகியோர் பெற்ற கடனுக்குக் குடும்பத்தின் பிறரிடம் பணம் கேட்டல்.
- கற்பனைக் கடன்: கடனே வழங்காமல், கைபேசியிலிருந்து திரட்டிய தகவல்களை வைத்து மிரட்டுதல்.

யார் பொறுப்பாளி

கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர், இணைக் கடனாளி, பிணையாளர் (ஜாமீன்தாரர்) ஆகியோரே கடனுக்குப் பொறுப்பாவர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. ஆகவே பிணைக் கையொப்பம் இட்ட ஒருவர் "நான் கடன் வாங்கவில்லை" என்று கூறி விலக இயலாது. மாறாக, தொடர்புக்குரியவராக மட்டும் குறிப்பிடப்பட்டவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வசூல் முகவர்கள் பல வேளைகளில் மறைத்துப் பேசுவதுண்டு.

கணவனும் மனைவியும் என்ற உறவு மட்டுமே ஒருவர் கடனுக்கு மற்றவரைப் பொறுப்பாளி ஆக்குவதில்லை. இறந்தவரின் கடனைப் பொறுத்தவரை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52ஆம் பிரிவுகளின்படி வாரிசுகளின் பொறுப்பு, இறந்தவரிடமிருந்து தம் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு உட்பட்டது. சொத்து எதுவும் வராத வாரிசு தம் சொந்த வருமானத்திலிருந்து அக்கடனைத் தீர்க்க வேண்டியதில்லை.

தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் சமயக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டின் அடிப்படையில் முன்பு வழக்குத் தொடர முடிந்தது. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் இதனை நீக்கியது. அச்சட்டம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தபின் பெறப்பட்ட கடன்களுக்கு, இக்கோட்பாட்டை மட்டும் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன் மீது வழக்குத் தொடர இயலாது.

வசூல் முகவரின் அதிகார எல்லை

வசூல் முகவர் என்பவர் கடன் வழங்கிய நிறுவனத்தின் சார்பில் பணம் கேட்கும் தனியார் ஆவார். இவருக்குக் காவல்துறையின் அதிகாரமோ நீதிமன்றத்தின் அதிகாரமோ இல்லை. உரிமையாளரின் இசைவின்றி வீட்டுக்குள் நுழையவோ, கைப்பேசியைப் பறிக்கவோ, கைது செய்வதாகக் கூறவோ இவருக்கு உரிமையில்லை. கடனைத் திருப்பிச் செலுத்தாமை மட்டுமே குற்றமாகாது. காசோலை பணமின்றித் திரும்புதல், ஏமாற்றிக் கடன் பெறுதல் ஆகியவை தனிக் குற்றங்கள் ஆகும்.

2007 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வாகனக் கடன் தொடர்பான ஒரு வழக்கில், அடியாட்களை ஏவிக் கடன் வசூலிப்பதைக் கண்டித்து, சட்டம் அனுமதிக்கும் வழியிலேயே வசூல் நடைபெற வேண்டும் என்று கூறியது. 2008 மே மாதத்தில் வந்த மற்றொரு வழக்கு, வசூல் முகவர்கள் வந்து சென்றபின் ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக் கொண்டது பற்றியது. தன்னைக் குறித்து உயர் நீதிமன்றம் கூறிய கருத்துகளை நீக்குமாறு வங்கி வேண்டியது. உச்ச நீதிமன்றம் அதனை ஏற்காமல், ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளை வங்கிகளுக்கு நினைவூட்டியது.

ரிசர்வ் வங்கியின் விதிகள்

இந்திய ரிசர்வ் வங்கி 2008 ஏப்ரல் 24 அன்று வசூல் முகவர்கள் பற்றிய விரிவான சுற்றறிக்கையை வெளியிட்டது. அதன் முக்கியக் கூறுகள்:

- எந்த வசூல் நிறுவனத்திடம் கணக்கு ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பதை வங்கி கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும்.
- முகவர் அடையாள அட்டையையும் வங்கியின் அனுமதிக் கடிதத்தையும் உடன் வைத்திருக்க வேண்டும்.
- கடனாளி அளித்த புகார் நிலுவையில் இருக்கும்போது, அது தீர்க்கப்படும் வரை கணக்கை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது. புகார் தொடர்ந்து அற்பக் காரணங்களுக்காகவே தரப்படுகிறது என வங்கி கருதினால் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.

இவற்றுள் மூன்றாவது கூறு கடனை மறுப்பவர்களுக்கு மிகவும் பயனுடையது. புகார் பதிவு எண் இல்லாவிடில் இக்கூற்றைச் சுட்டிக்காட்ட வழியில்லை.

2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியான மற்றொரு சுற்றறிக்கை, காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைப்பதைத் தடை செய்தது. பலர் முன்னிலையில் அவமானப்படுத்துதல், குடும்பத்தினர், நண்பர்கள், தொடர்புக்குரியவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுதல், பெயர் கூறாமல் அழைத்து மிரட்டுதல் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. முகவரின் செயலுக்கு அவரை அமர்த்திய நிறுவனமே பொறுப்பு என்பதும் அதில் வலியுறுத்தப்பட்டது. நுண்கடன்களுக்கு 2022இல் வகுக்கப்பட்ட நேர எல்லை இன்னும் குறுகியது: காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது.

2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி தன் பழைய சுற்றறிக்கைகளை நிறுவன வகைவாரியாக ஒருங்கிணைத்தது. ஆகவே புகாரில் விதியை மேற்கோள் காட்டுவோர், நடப்பில் உள்ள வழிகாட்டு ஆணையின் பெயரைப் பார்த்துக் கொள்வது நன்று.

மறுக்கும் முறை

எழுத்து மூல மறுப்பு

முதல் அழைப்பிலேயே அழைப்பவரின் பெயர், அவர் பணிபுரியும் நிறுவனம், கடன் வழங்கிய நிறுவனம், கடன் கணக்கு எண் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக் கொள்ள வேண்டும். பிறந்த நாள், பான், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம், ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவற்றை "சரிபார்ப்புக்காக" என்று கேட்டாலும் தரக்கூடாது. கடன் வழங்கியதாகக் கூறப்படும் நிறுவனத்தின் முகவரியை அழைப்பவரிடமிருந்து பெறாமல் வேறு வழியில் கண்டறிந்து, அதன் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலும் வழங்கியதற்கான சான்றுடன் கூடிய விரைவு அஞ்சலும் அனுப்பலாம். கடிதத்தில் இடம்பெற வேண்டியவை:

1. இக்கடனைத் தாம் பெறவில்லை (அல்லது இன்ன நாளில் தீர்த்துவிட்டதாக) என்ற தெளிவான கூற்று.
2. கையொப்பமிட்ட ஒப்பந்தம், அளிக்கப்பட்ட அடையாளச் சான்றுகள், கடன் தொகை செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கு, கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல் கோரிக்கை.
3. வந்த அழைப்புகளின் நாள், நேரம், எண், பேசப்பட்டதன் சுருக்கம்.
4. புகார் தீரும் வரை வசூல் நடவடிக்கையை நிறுத்தி, புகார் எண்ணை அளிக்குமாறு கோரிக்கை.

கடன் தொகை எந்த வங்கிக் கணக்குக்குச் சென்றது என்ற கேள்வி அடையாளத் திருட்டில் மிகவும் இன்றியமையாதது. பணம் தம் கணக்குக்கு வரவில்லை என்பதை வங்கி அறிக்கை கொண்டு எளிதில் காட்டிவிடலாம். கடன் தீர்க்கப்பட்டிருந்தால், நிலுவையின்மைச் சான்றின் நகலை இணைக்க வேண்டும்.

கடன் தகவல் அறிக்கை

2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக அளிக்க வேண்டும் என்ற விதி 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறைவதில்லை.

ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் இல்லாத பதிவு மற்றொன்றில் இருக்கக்கூடும் என்பதால் நான்கையும் பார்ப்பது நல்லது. தவறான பதிவு இருப்பின் அந்நிறுவனத்திடம் திருத்தம் கோரலாம். 30 நாட்களுக்குள் புகார் தீர்க்கப்படாவிடில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்கும் முறை 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொலைபேசி அழைப்புகள் நின்ற பின்னரும் தவறான பதிவு நீடித்தால், பிற்காலத்தில் கல்விக் கடனோ வீட்டுக் கடனோ மறுக்கப்படலாம்.

குறைதீர்ப்பாளர்

நிறுவனம் 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, அதன் பதில் நிறைவு அளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வங்கிகள், நிதி நிறுவனங்கள், எண்ணிமப் பரிவர்த்தனைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே இருந்த திட்டங்கள் 2021 நவம்பர் 12 அன்று ஒன்றாக இணைக்கப்பட்டன. நிறுவனத்திடம் முன்னரே எழுத்து மூலம் புகார் அளித்ததற்கான சான்று இன்றி இங்கு முறையீடு ஏற்கப்படுவதில்லை.

காவல்துறை

மிரட்டல் பாரதிய நியாய சன்கிதையின் 351ஆம் பிரிவின் கீழும், மிரட்டிப் பணம் பறித்தல் 308ஆம் பிரிவின் கீழும் குற்றமாகும். பிறர் அடையாளத்தை மின்னணு முறையில் பயன்படுத்துவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின் கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரியது. இணையவழி நிதி மோசடிகளை 1930 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்யப்படாவிடில், காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதன் பின்னரும் நடவடிக்கை இல்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

"சிறு தொகை" கோரிக்கை

தொல்லை நின்றால் போதும் என்று எண்ணி ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டிவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை ஆகும். வாங்காத கடனுக்குச் செலுத்தும் சிறு தொகையும், கடனை ஒப்புக்கொண்டதற்கான சான்றாகப் பின்னர் காட்டப்படலாம். பணம் கிடைக்கும் என்று தெரிந்தபின் அழைப்புகள் கூடுவதும் உண்டு.

1963ஆம் ஆண்டின் கால வரையறைச் சட்டப்படி, பொதுவாகப் பணக்கடனுக்கு வழக்குத் தொடரும் காலம் மூன்று ஆண்டுகள் ஆகும். அக்காலம் முடிவதற்குள் கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ, உரிய முறையில் பதிவான பகுதித் தொகையைச் செலுத்தினாலோ, காலம் மீண்டும் தொடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் (18, 19ஆம் பிரிவுகள்). பழைய கடன்களுக்கு முகவர்கள் "ஒரு நூறு ரூபாயாவது" கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நீதிமன்ற அறிவிப்புகள்

கைபேசிச் செய்தியாக வரும் "கைது ஆணை", வழக்கு எண் இல்லாத "நீதிமன்ற அறிவிப்பு" ஆகியவை பெரும்பாலும் மிரட்டலுக்காக அனுப்பப்படுபவை. ஆனால் உண்மையான அழைப்பாணையைப் புறக்கணிக்கக் கூடாது. புறக்கணித்தால், கடன் இல்லாதவர் மீதும் ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படலாம். வழக்கு எண்ணை நீதிமன்றங்களின் இணையத்தளத்தில் சரிபார்க்க இயலும்.

மக்கள் நீதிமன்றத்திலிருந்து (லோக் அதாலத்) வழக்குக்கு முந்தைய சமரச அறிவிப்பு வருவதும் உண்டு. அங்கு இரு தரப்பும் இசைந்தால் மட்டுமே தீர்வு எட்டப்படும். கடனை மறுப்பவர் அதனைப் பதிவு செய்துவிட்டு இசைய மறுக்கலாம். ஒப்பந்தத்தின்படி நியமிக்கப்பட்ட நடுவரிடமிருந்து அறிவிப்பு வந்தால், அந்த ஒப்பந்தத்தில் தாம் கையொப்பமிடவில்லை என்று எழுத்து மூலம் உடனே தெரிவிப்பது இன்றியமையாதது.

கடன் செயலிகள்

கைபேசிச் செயலிகள் மூலம் கடன் அளிப்போர், கைபேசியில் உள்ள தொடர்புப் பட்டியலைத் திரட்டி, கடனாளியின் உறவினர்க்கும் நண்பர்க்கும் இழிவான செய்திகளை அனுப்பிய நிகழ்வுகள் 2020 முதல் பெருமளவில் வெளிவந்தன. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட எண்ணிமக் கடன் நெறிமுறைகள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றை இச்செயலிகள் அணுகுவதைத் தடுத்தன. 2025 மே மாதத்தில் இந்நெறிமுறைகள் புதிய வழிகாட்டு ஆணையாக மாற்றப்பட்டன. முறைப்படி இயங்கும் நிறுவனங்களின் செயலிகள் அடங்கிய பட்டியல் 2025 சூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையத்தளத்தில் உள்ளது.

கேட்காமலேயே கணக்கில் பணம் வந்தால், அதனைச் செலவு செய்யாமல் தம் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அழைப்பவர் கூறும் வேறு கணக்குக்கு அப்பணத்தை அனுப்புவது பாதுகாப்பற்றது.

தமிழ்நாடு

தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கடன் வழங்கும் அமைப்புகளின் வலுக்கட்டாய வசூல் நடவடிக்கைகளைத் தடுக்கும் மற்றொரு சட்டம் 2025ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கடனாளியை மட்டுமன்றி அவரது குடும்பத்தினரை மிரட்டுதல், பின்தொடர்தல், அவமதித்தல் ஆகியவையும் இச்சட்டத்தின்படி வலுக்கட்டாய நடவடிக்கைகள் ஆகும். இவற்றுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

இவற்றையும் பார்க்க

- கடன்
- கந்துவட்டி
- அடையாளத் திருட்டு
- இந்திய ரிசர்வ் வங்கி
- நுகர்வோர் பாதுகாப்பு