‘தம்பி’ என்னும் விளி: திராவிட இயக்க இதழ்களும் இளைஞர் அடையாளமும்

ஓர் இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் கொள்கை, மாநாடு, தேர்தல் ஆகியவற்றையே பெரிதும் கருத்திற் கொள்கின்றனர். அவ்வியக்கத்தின் இதழ் தன் வாசகனை எச்சொல்லால் அழைத்தது என்பது நடை பற்றிய செய்தியாக ஒதுக்கப்படுகிறது. எனினும், அவ்வழைப்பே ஒரு தலைமுறை தன்னை இன்னார் என்று அறிந்துகொள்ளக் காரணமாதல் உண்டு. திராவிட முன்னேற்றக் கழக ஏடுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1949 செப்டம்பர் 17-இல் கழகம் தோன்றியபோது அண்ணாவுக்கு நாற்பது வயது நிறைந்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. தந்தை எனப் போற்றப்பட்ட பெரியாரைப் பிரிந்து வந்தவர்கள் தலைவர் பதவியை அவருக்கென்றே வெறுமையாக விட்டனர். தந்தையின் இருக்கை காலியாக இருக்க, பொதுச்செயலாளர் அண்ணன் ஆனார். பெயர்ச் சுருக்கமும் உறவுமுறையும் ஒரே சொல்லில் அமைந்தது தற்செயலே. ஆனால் அத்தற்செயலை இயக்கம் வீணாக்கவில்லை.

1942-இல் தொடங்கப்பெற்ற ‘திராவிட நாடு’ இதழில் 1955 முதல் அண்ணா தம்பிக்குக் கடிதங்கள் எழுதலானார். பின்னர் ‘காஞ்சி’யிலும் அவை தொடர்ந்தன. கடிதம் என்பது ஒருவர் ஒருவருக்கு எழுதுவது. இதழோ பல்லாயிரவர்க்கு உரியது. இம்முரணே இவ்வடிவத்தின் வலிமை. தொல்காப்பியம் விளிமரபில் இகர ஈறு ஈகாரமாக நீளும் என்கிறது. அருகில் உள்ளாரை அழைக்கும்போது பெயர் இயல்பாகவே நிற்கும் என்றும் கூறுகிறது. கடிதங்களின் விளி ‘தம்பீ’ என்று நீளாமல் ‘தம்பி’ என்றே நிற்கிறது. எங்கோ ஒரு சிற்றூர்ப் படிப்பகத்தில் இருந்த வாசகனை இலக்கணம் பக்கத்தில் அமர்த்திவிட்டது எனலாம். அழைக்கப்படுபவன் திரும்பிப் பார்க்கும் கணத்திலேயே அவ்வழைப்புக்கு உரியவனாகிறான் என்னும் அல்தூஸரின் கருத்தைத் தமிழ் ஆய்வாளர் விளி வேற்றுமையின் வழியாகவே விளங்கிக்கொள்ள இயலும்.

படிப்பகத்தில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டனர். கேட்ட ஒவ்வொருவரும் தம்பி; ஆகவே கேட்டவர் அனைவரும் தம்முள் உடன்பிறந்தார். சாதிப்பெயர் ஒட்டாத ஓர் உறவை இளைஞர்க்கு அச்செழுத்து வழங்கியது என்பதை எளிதாக மதிப்பிட்டுவிடலாகாது.

ஆனால் தம்பி என்பது வெறும் அன்புச்சொல் அன்று. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பது பழமொழி. அதில் தம்பி படைத்துணையாகவே நிற்கிறான்; முடிவெடுக்கும் இடத்தில் அவன் இல்லை. (கம்பரசம் எழுதியவரின் இயக்கம் இலக்குவனின் இடத்தையே தன் தொண்டர்க்கு அளித்தது சுவையான முரண்.) அன்று வாக்குரிமை வயது இருபத்தொன்று, அது பதினெட்டாகக் குறைந்தது 1989-இல்தான். ஆகவே தம்பியர் பலர் சுவரொட்டி ஒட்டலாம், ஊர்வலம் செல்லலாம், சிறை புகலாம், வாக்களிக்க இயலாது.

இவ்வடையாளத்தின் எல்லை 1965-இல் வெளிப்பட்டது. இந்தி ஆட்சிமொழியாகவிருந்த சனவரி 26-க்கு முந்தைய நாள் மதுரையில் மூண்ட கலவரம் மாநிலமெங்கும் பரவியது. 27-ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். முதலமைச்சர் பக்தவத்சலம் கிளர்ச்சிக்குக் கழகத்தையும் பிற எதிர்க்கட்சிகளையும் குற்றஞ்சாட்டினார். அக்கூற்றில் மாணவர் பிறரால் தூண்டப்பட்டோரே. தாமாகச் சிந்தித்தோர் அல்லர். மறுபுறம், கிளர்ச்சியை நிறுத்துமாறு அண்ணன் கூறியபோது தம்பியர் பலர் உடனே செவிசாய்க்கவில்லை. இவ்விடத்தை நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். பத்தாண்டுகளாகத் தம்பி என்று கேட்டுப் பழகியோர் மாணவர் என்னும் பெயரில் தாமே பேசத் தொடங்கினர். எனினும் அக்குரல் நெடுநாள் தனித்து நிற்கவில்லை. கிளர்ச்சியின் முன்னணியில் நின்ற பெ. சீனிவாசன் 1967 தேர்தலில் கழக வேட்பாளராகவே விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் வென்றார்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 1938 இந்தி எதிர்ப்பிலேயே தருமாம்பாள் உள்ளிட்ட பெண்கள் சிறை சென்றிருந்தனர். பதினேழு ஆண்டுகள் கழித்து எழுந்த கடித வடிவின் விளி ஆண்பாலாகவே அமைந்தது. கல்லூரியில் பயின்ற பெண் அக்கடிதத்தைப் படித்தாள்; அழைக்கப்பட்டவள் அவளல்லள். 1970களில் முரசொலிக் கடிதங்களில் நிலைபெற்ற ‘உடன்பிறப்பே’ என்னும் விளி இருபாற்கும் பொதுவானது. எனினும் அச்சொல்லைக் கேட்டோர் மனத்தில் எழுந்த உருவம் எந்தப் பாலினது என்பதை அக்கால மேடைகளின் ஒளிப்படங்களைக் கொண்டு ஆராய இடமுண்டு.