தானே பூக்கும் கஞ்சா

பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல், முளைத்துச் சில வாரங்களில் தானாகவே பூவெடுக்கும் கஞ்சா ரகங்களின் பொதுப்பெயர். விதை வணிகத்தில் 'ஆட்டோஃபிளவர்' என்பார்கள். கஞ்சா வளர்ப்பைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில், அனுபவமில்லாதவர் கையிலும் பிழைத்துவிடும் செடி என்று பெயர் வாங்கியது.

சாதாரணக் கஞ்சா நம்முடைய பழைய சம்பா ரகங்களைப் போன்றது. முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும், பகல் குறுகி இரவு நீண்ட பிறகே பூக்கும். தாவரங்கள் பகல் நீளத்தை அறிந்து பூக்கின்றன என்ற கண்டுபிடிப்பிலேயே இந்தச் செடிக்குப் பங்குண்டு. பிரான்சில் ஜூலியன் டூர்னுவா 1912 வாக்கில் இச்செடிக்கு வெளிச்ச நேரத்தைக் குறைத்துப் பார்த்தபோது, அது காலத்துக்கு முன்பே பூத்தது. அவர் முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். அதை முழுக் கோட்பாடாக்கிய பெருமை 1920இல் அமெரிக்கர்கள் கார்னர், அல்லார்டு இருவருக்கும் போயிற்று.

இந்த விதிக்கு அடங்காத செடி ரஷ்யாவில் களையாகக் கிடந்தது. கஞ்சாவுக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் 'சடைவா' என்று பெயரிட்டிருந்தார். 1785இல் லமார்க் 'இண்டிகா'வைத் தனி இனமாகப் பிரித்தார். அதற்கான இந்தியச் செடியை அவருக்குக் கொடுத்தவர் புதுச்சேரியில் பணியாற்றிய சொன்னெரா. மூன்றாவது பெயரான 'ருடராலிஸ்', 1924இல் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி தென்கிழக்கு ரஷ்யக் களைச்செடிக்கு வைத்தது. இடிபாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். எருக்கையும் ஊமத்தையையும் போலக் குப்பைமேட்டிலும் பாதையோரத்திலும் வளரும் குட்டைச் செடி அது. விதை முற்றியதும் தானே உதிர்ந்துவிடும். விதையின் அடியிலுள்ள எண்ணெய்ப் பசைக்காகச் செந்நிறப் பூச்சிகள் தேடி வந்து அதைப் பரப்புவதையும் யானிஷெவ்ஸ்கி எழுதிவைத்தார். கோடை குறுகிய அந்த நிலத்தில், இரவு நீளட்டும் என்று காத்திருக்கும் செடி பனியில் கருகிவிடும், காத்திராதது தப்பியது. இது தனி இனமா, வெறும் வகையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1976இல் தாவரவியலாளர்கள் ஸ்மாலும் கிராங்க்விஸ்டும் கஞ்சா முழுவதையும் ஒரே இனத்துக்குள் அடக்கினார்கள்.

ருடராலிஸில் போதைப்பொருள் மிகக் குறைவு. அதனால் வளர்ப்பவர்கள் வெகுகாலம் அதைச் சீந்தவில்லை. 1980களில் நெதர்லாந்து விதை வணிகர்கள் கலப்பு செய்து பார்த்தார்கள். சிக்கல் மரபில் இருந்தது: தானே பூக்கும் குணம் ஒடுங்கு பண்பு. சாதாரண ரகத்தோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் மறைந்துகொள்ளும். அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில்தான் தலைகாட்டும். பொறுமையாகத் தேர்ந்தெடுத்து இதை நிலைநிறுத்தியவர், 'ஜாயிண்ட் டாக்டர்' என்ற புனைபெயரில் இயங்கிய கனடாக்காரர். 'நார்தர்ன் லைட்ஸ்', 'வில்லியம்ஸ் ஒண்டர்' ஆகிய ரகங்களோடு 'மெக்சிகன் ரூடி' என்ற செடியைச் சேர்த்து அவர் உருவாக்கிய 'லோரைடர்', 2000களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. முழங்கால் உயரம்கூட இராது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அறுவடை. போதை சுமார்தான் என்ற குறை அதற்கு இருந்தது. பின்வந்த கலப்புகள் அதைப் பெரிதும் சரிசெய்தன.

வெளிச்ச நேரத்தைக் கணக்கிடுவதைப் போலவே, ஆண் செடியைக் களைவதும் புதியவரைத் தடுமாறவைக்கும் வேலை. மகரந்தம் பட்டால் பூவெல்லாம் விதையாகிவிடும். பிரிட்டிஷ் ஆட்சிக்கால வங்காளத்தின் நவகாமில் ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்குவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். 'கஞ்சா டாக்டர்' என்று அவர்களுக்குப் பெயர். 1893-94ஆம் ஆண்டின் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு இதை விரிவாகவே பதிவுசெய்தது. அந்தக் கஞ்சா டாக்டர்களுக்கு இன்று வேலையில்லாமல் செய்தது, பெண் செடியாகவே முளைக்கும் விதை. தானே பூக்கும் குணமும் அதுவும் ஒன்றுசேர்ந்த பிறகே 'புதியவர் ரகம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் வந்தது எனலாம்.

எதையும் தாங்கும் என்ற விளம்பரம் பாதிதான் உண்மை. விளக்கு நேரம் தவறினால் இந்தச் செடி பொருட்படுத்தாது. ஆனால் நாற்றுப் பருவத்தில் அடிபட்டால் தேறுவதற்கு அவகாசம் கொடுக்காது. குறித்த வாரத்தில், இருக்கும் உயரத்திலேயே பூத்துவிடும். முருங்கையைப் போலப் போத்து நட்டுப் பெருக்கவும் ஏற்றதல்ல. தாய்ச்செடியின் வயதே போத்துக்கும் என்பதால் அதுவும் உடனே பூக்கும்.

போதைக்கு வெளியிலும் தானே பூக்கும் குணம் பயன்பட்டது. ரஷ்ய விதை வங்கி இருப்பிலிருந்து ஃபின்லாந்தில் உருவான 'ஃபினோலா', எண்ணெய் வித்துக்கான பயிர். தமிழ்ச் செய்திகளில் இவ்வகைப் பயிரைச் 'சணல்' என்று எழுதுவது குழப்பம் தரும். சணல் வேறு செடி.

உருகுவே 2013இலும், கனடா 2018இலும், ஜெர்மனி 2024 ஏப்ரலிலும் வீட்டு வளர்ப்பை அனுமதித்தன. கனடாவில் வீட்டுக்கு 4 செடி, ஜெர்மனியில் வயதுவந்த ஒருவருக்கு 3. கனடாவின் கியூபெக் மாகாணம் அந்த நான்கையும் தடுத்தது; மானிட்டோபாவும் 2025 வரை தடுத்திருந்தது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இலையையும் விதையையும் தனியாக இருக்கும்போது 'கஞ்சா' என்ற வரையறையில் சேர்க்கவில்லை. ஆனால் உரிமமின்றிச் செடி வளர்ப்பது குற்றம்.